மலை டிக்கெட்டைக் காலையில் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ் சிகரத்தை ஒட்டிய யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்குப் போக மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்தோம். போன அன்று ஒரே மேகம், எதுவும் தெரியவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வேலூர் வாசகர்)

பதில்: கிடைக்காது. ரயில் ஓடியது, உங்களை 3,454 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டது. விற்றது அதைத்தான்.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. சிகரத்தில் கேமரா வைத்து, இப்போது அங்கே எப்படி இருக்கிறது என்று இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறார்கள். காலையில் செல்போனில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம். ஓட்டல் ஜன்னலை நம்பாதீர்கள். ஏரிமேல் மூடுபனி கவிந்த நாளில் உச்சியில் வெயில் அடிக்கும். கோடையிலோ, காலையில் பளிச்சென்று இருந்த சிகரம் மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். உச்சி தெரியாவிட்டால் அன்று ஏரியில் கப்பல் ஏறுங்கள், மலையை மறுநாளைக்கு வையுங்கள். இதற்கு இடமே விடாமல், டூர் நிறுவனங்கள் செவ்வாய் இந்த மலை, புதன் அந்த மலை என்று சென்னையிலேயே தேதி போட்டு விற்கிறார்கள். நாமும் கேட்காமல் பணம் கட்டுகிறோம்.

கேள்வி: சுவிஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ், கப்பலுக்கு ஒரே பாஸ்) இருந்தும் யுங்ஃப்ராவுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். இது ஏமாற்று இல்லையா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லை. அந்தப் பாஸ் மலைவழியில் உள்ள கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான், அதற்கு மேலே தள்ளுபடி மட்டும். பிலாட்டஸ் மலைக்குப் பாதி விலை. ரிகி மலைக்கும் ஏரிக் கப்பல்களுக்கும் தனிக் கட்டணம் இல்லை. வாங்கும்போதே படித்திருக்க வேண்டியது இது.

கேள்வி: கடையில் கார்டு மெஷின் ரூபாயா, சுவிஸ் ஃபிராங்கா என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

பதில்: ஃபிராங்க்.

கேள்வி: லூசெர்ன் நகரில் ஒருநாள் பஸ் டூர் எடுக்கலாமா? (கோவை வாசகி)

பதில்: வேண்டாம். நான் எடுத்த ஒரு டூரில் ஏரிக்கரையில் இருந்ததைவிடக் கைக்கடிகாரக் கடையில் இருந்த நேரம் அதிகம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. அங்கே கப்பல் ஏறி ஆல்ப்நாக்ஷ்டாட் என்ற கரையோர ஊர், அப்புறம் 1889 முதல் ஓடும் பற்சக்கர ரயிலில் பிலாட்டஸ். பெட்டிக்குள் இருக்கைகளே படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும், ஏற்றம் அப்படி. திரும்புகையில் கேபிள் காரில் கிரியன்ஸ் ஊரில் இறங்கி, லூசெர்னுக்கு டவுன் பஸ். எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். குளிர்காலத்தில் அந்த ரயில் ஓடாது.

கேள்வி: அப்பா ஓய்வுப் பணத்தில் டூர் கட்டினார். விளம்பரத்தில் யுங்ஃப்ராவ் பனிப் படம். கீழே உள்ள இன்டர்லாக்கன் ஊர் வரை கூட்டிப்போய், கீழிருந்தே மலையைக் காட்டித் திரும்பிவிட்டார்கள். (திருநெல்வேலி வாசகி)

பதில்: அம்மா, இது அப்பட்டமான ஏமாற்று, விடாதீர்கள். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நிறுவனம் மசியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அப்பா பெயரிலேயே போடுங்கள்.