தோணியைத் ‘தேரணி’ என்று படிக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது?

பாம்பன் பக்கம் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருடம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது ஓய்வு. பெற்றோர் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும் இவை.

மூன்றாம் வகுப்புப் பையன், டீச்சர். பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். வேறு எதைக் கொடுத்தாலும் திருதிருவென்று முழிக்கிறான். (தங்கச்சிமடம், ஒரு அம்மா)

அவன் வாசிக்கவில்லை அம்மா, ஒப்பிக்கிறான். பாடத்தின் கடைசி வரியில் ஆரம்பித்து, பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் கேளுங்கள். திக்குகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கொம்பில்தான் திக்குவார்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கோ’ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி. என் வகுப்பில் ஒருவன் ‘தோணி’யைத் ‘தேரணி’ என்றே படிப்பான். பின்னால் வரும் கால் குறியை ‘ர’ என்று நினைத்துக்கொண்டான். அவன் அப்பா தோணிக்காரர்! முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், நடுவில் கம்பில் தொங்கும் மீன்கூடை என்று படம் போட்டேன். கூடைதான் ‘த’. தூக்குகிற இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘தோ’ என்றேன். அப்புறம் தேரணி வரவில்லை.

அடுத்த தொல்லை உகரம். கு, சு, து, மு என்று ஆளுக்கொரு வால். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைப்பதால் இது தீராது. அவன் திக்கிய எழுத்து வருகிற நாலு சொல்லை எழுதிக் கொடுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். எனக்கே படிக்கத் தெரியாது. மகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? (சின்னப்பாலம்)

நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அவள் உங்களுக்குப் படித்துக்காட்டட்டும். நடுவில் நிறுத்தி, “சரி, அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். எழுத்தைக் கூட்டுவதிலேயே மூச்சு முட்டுகிற பிள்ளைக்குக் கதை மனதில் நிற்காது. பதிலிலேயே அது தெரிந்துவிடும். அப்போது அதே பக்கத்தை மறுநாளும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை தானாக ஓடும்.

இன்னொன்று. காது அறிந்த சொல்லைக் கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்கு நீங்கள் சொல்லும் பெயர்கள், கடலில் பார்த்த கதைகள் எல்லாம் அவளுக்குப் பாடம்தான். இத்தனை கிலோ பாசி, இன்ன விலை என்று கணக்கு நோட்டையும் அவளே எழுதிப் படிக்கட்டும்.

மதரசாவில் அரபு வலமிருந்து இடம், பள்ளியில் தமிழ் இடமிருந்து வலம். பிள்ளை குழம்பாதா? (கீழக்கரை, ஒரு அப்பா)

குழம்பாது தம்பி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அரபு எழுத்திலேயே தமிழ் எழுதியவர்கள், அரபுத் தமிழ் என்றே அதற்குப் பெயர். ஒரே மாலையில் எல்லாவற்றையும் திணிக்காமல் இருந்தால் சரி.

இங்கிலீஷ் மீடியம்தானே, தமிழ் வாசிப்பு எதற்கு? (ராமநாதபுரம்)

எழுத்தைக் கூட்டிப் பொருள் பிடிக்கிற வித்தையைப் பிள்ளை ஒரு தடவை கற்றால் போதும், அடுத்த மொழிக்கும் அது கைகொடுக்கும். அதை வீட்டில் பேசுகிற மொழியில் கற்பது சுலபம்.

புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிக்கிறாள். டியூஷன் போடலாமா? (தொண்டி)

முதலில் கண் டாக்டரிடம் போங்கள். கரும்பலகை தெரியாத ஒரு பெண்ணை அரை வருடம் சோம்பேறி என்று திட்டியவள் நான். கண்ணாடி போட்ட வாரமே படித்தாள். என்னால் அதை மறக்க முடியவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில்தான் இருக்கிறேன். நான் என்ன செய்யலாம்? (மண்டபம், விசைப்படகுத் தொழிலாளி)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. சாயங்காலம் பையனைக் கரைக்குக் கூட்டிப் போய் நிற்கிற படகுகளின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் உரிந்து பாதி எழுத்து போன பெயர் இன்னும் நல்லது, மீதியை யோசித்துத்தானே படிக்க வேண்டும்! வலை சரிசெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கட்டும். தப்பாகப் படித்தால் உடனே திருத்தாதீர்கள். வரி முடியும்வரை பொறுங்கள், பாதி நேரம் அவனே திரும்பி வந்து சரிசெய்துகொள்வான்.