கடைசிப் பக்கத்து ரக்பி: கொழும்புக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். திங்கட்கிழமை காலை ஆபீஸில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு எல்லாரும் ரக்பி பேசுகிறார்களே, ஏன்? ஆங்கிலப் பேப்பரின் பின்பக்கத்தில் உள்ளூர்க் கிளப் ஆட்டங்களுக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறார்கள், ஆனால் படித்தால் தலைகால் புரியவில்லை, எப்படிப் படிப்பது? தமிழ்ப் பேப்பரில் ஏன் இது கண்ணில் படுவதே இல்லை? வெள்ளவத்தையில் வீட்டு வாடகை எவ்வளவு, எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்று கேட்டுத்தான் புதிதாக வருகிறவர்கள் எனக்கு எழுதுவார்கள். நானும் உங்களைப் போல மெட்ராஸிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆள்தான். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பது எப்படி என்பதை முதலில் பார்ப்போம். உங்களைக் குழப்புவது ஆட்டமாக இருக்காது, பெயர்களாகத்தான் இருக்கும். ஒரே செய்தியில் ஒரே அணி மூன்று வேஷத்தில் வரும். தலைப்பில் கண்டி என்று இருக்கும், இரண்டாவது வரியில் அதுவே நித்தவெல ஆகிவிடும். கண்டி விளையாட்டுக் கழகத்தின் மைதானம் இருக்கும் இடம் அது. லோங்டன் பிளேஸ் என்று வந்தால் சி.ஆர். அண்ட் எஃப்.சி. என்ற கிளப், சுருக்கமாக சி.ஆர்., என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு 7-இல் அந்தத் தெருவில்தான் அவர்கள் மைதானம். பார்க் கிளப் என்றால் ஹவ்லொக், ஹவ்லொக் பார்க்கில் ஆடுவதால். ஜிம்கானா என்று பார்த்ததும் நம்ம மெட்ராஸ் ஜிம்கானா இங்கே எப்போது வந்தது என்று யோசிக்க வேண்டாம், அது சி.எச். அண்ட் எஃப்.சி. என்ற இன்னொரு கொழும்புக் கிளப். கடற்படை அணியை மாலுமிகள் என்பார்கள், விமானப்படையை வான்படை வீரர்கள் என்பார்கள். பொலிஸ் அணிக்கும் ஏதாவது ஒரு பட்டம் கட்டாயம் உண்டு. எழுதுகிறவருக்கு ஒரே பெயரைத் திரும்ப எழுத மனம் வராது போலிருக்கிறது. வாசகனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

அடுத்தது புள்ளிக் கணக்கு. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை, அதற்கு 5, அதற்குப் பின் உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டிக்கும் ட்ரொப் கோலுக்கும் 3. இதை யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். ஆனால் இங்கத்தைய பேப்பர்களில் ஒரு பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. ட்ரையும் அதன் கன்வர்ஷனும் சேர்ந்ததை ஒரு கோல் என்று எழுதுவார்கள், அதாவது 7 புள்ளி. அடைப்புக்குறிக்குள் 3 கோல், 2 பெனால்டி என்று போட்டிருந்தால் 27. 1 கோல், 2 ட்ரை என்றால் 17. புட்பால் கணக்கில் பார்த்தால் மூளை சுற்றும். பழகிவிட்டால் அந்த ஒரு வரியே பாதி ஆட்டத்தைச் சொல்லிவிடும். 1 கோல், 2 ட்ரை என்றால் மூன்று முறை கோட்டைத் தாண்டியும் உதைக்கிறவர் இரண்டு முறை சொதப்பியிருக்கிறார். மூன்று பெனால்டியும் பூஜ்யம் ட்ரையும் என்றால், எதிரணி தப்பு செய்யட்டும் என்று காத்திருந்து ஆடியிருக்கிறார்கள், பார்க்கப் போனவர்கள் கொட்டாவி விட்டிருப்பார்கள். அந்த வரிக்குக் கீழே வரும் செய்தியின் நாலு பத்தியில் இதை யாரும் இவ்வளவு வெளிப்படையாக எழுதமாட்டார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கொழும்பில் கிளப் ரக்பிச் செய்தி, ஆட்டத்தைப் பார்க்காதவருக்காக எழுதப்படுவதில்லை. மைதானத்தில் இருந்தவரும், ஒரு காலத்தில் ஆடியவரும், தன் பள்ளிக்கூடத்துப் பையன் என்ன செய்தான் என்று பார்க்கத்தான் அது. ஒரு வீரரின் பெயர் வந்ததும் கூடவே அவர் எந்தப் பள்ளி என்பதும் வந்துவிடும்: முன்னாள் இசிபத்தன விங்கர், முன்னாள் ரோயல் தலைவர், முன்னாள் டிரினிட்டி ஃப்ளாங்கர். கண்டிக்கும் இலங்கைக்கும் ஃப்ளை ஹாஃபாக ஆடிய ஃபாஸில் மரிஜா எத்தனை வருஷம் கழித்தும் கண்டி கிங்ஸ்வுட் பள்ளிப் பையன்தான். நம்ம ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் சொந்த ஊர் எது என்று கேட்போம் இல்லையா, இங்கே எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் விளையாட்டுப் பதிப்புதான் அந்தப் பின்பக்கம். உங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருப்பவரும் எச்.ஆரில் இருப்பவரும் திங்கட்கிழமை அடித்துக்கொள்வது சி.ஆரா ஹவ்லொக்கா என்பதற்காக மட்டுமல்ல. பள்ளியில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடிய, அல்லது வேலியோரம் நின்று கத்திய பழைய கணக்கு அதில் தீர்க்கப்படுகிறது.

அதனால்தான் பள்ளி ஆட்டத்துக்கு வரும் கூட்டம் பல நேரம் கிளப் ஆட்டத்துக்கு வராது. ரோயலும் கண்டி டிரினிட்டியும் 1945-லிருந்து ஆடும் பிராட்பி கேடயத்தைப் பாருங்கள். ஒன்று கொழும்பில், ஒன்று கண்டியில் என்று இரண்டு ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி. அந்த வாரம் பேப்பர்கள் பழைய தலைவர்களின் படங்களைத் தோண்டியெடுத்துப் போடும், வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள் உண்டு. கிளப் லீக் இதன் தொடர்ச்சி என்று நினைத்துப் படித்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும். பள்ளி முடித்த பையன் கடற்படைக்கோ பொலிஸுக்கோ ஆடப் போனால் அவனுக்கு ஒரு அரசாங்க வேலையும் கிடைக்கிறது. எனவே யார் எந்தக் கிளப்புக்குத் தாவினார் என்ற செய்தி, படிக்கிறவருக்கு ஒரு குடும்பத்துச் செய்தி.

இந்தத் தோரணைக்கு வேர் கொஞ்சம் ஆழம். இங்கே முதல் ரக்பிக் கிளப்பான கொழும்பு ஃபுட்பால் கிளப் 1879-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. சி.எச். அண்ட் எஃப்.சி.யும் நெடுங்காலம் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று 1922-இல் ஆரம்பித்ததுதான் சி.ஆர். மலையகத்தில் திம்புள, டிக்கோயா, ஊவா என்று தோட்டத் துரைமாரின் கிளப்புகள் இருந்தன. தேயிலைக்கு நடுவே மைதானம், சுற்றி நம்ம ஊர்களிலிருந்து போன சனத்தின் லயன் வீடுகள். துரைமார் மூட்டை கட்டியதும் அவை மங்கிவிட்டன. ஆக, இந்த விளையாட்டைப் பற்றி எழுதியதும் படித்ததும் ஆங்கிலம் பேசும் கிளப் மாடிக் கூட்டம். அந்த நடை இன்னும் போகவில்லை. பத்தி எழுதுகிறவர்களில் முன்னாள் ஆட்டக்காரர்களும் முன்னாள் நடுவர்களும் இருப்பதால் ஸ்கிரம், ரக், லைன் அவுட் மாதிரி ஆட்டச் சொற்கள் எல்லாம் விளக்கமில்லாமல் ஓடும். ஒரு நடுவரின் தீர்ப்பை இன்னொரு நடுவர் அரைப் பக்கத்துக்கு அலசுவதைப் படிக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். உண்மையிலேயே அறிவோடு எழுதப்படும் இடம் அதுதான்.

தமிழர் யாருமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பதுகளில் ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவராகப் பேசப்பட்ட சும்மா நவரத்தினம் சி.ஆருக்கு ஆடியவர்தான். வயதான ரோயல்காரர் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உங்கள் தேநீர் ஆறிவிடும்.

சரி, குறையும் சொல்லவேண்டும். ஆட்டத்தைவிட நிர்வாகச் சண்டைக்கு இங்கே அதிக மை செலவாகிறது. யார் தலைவர், யார் வழக்குப் போட்டார், விளையாட்டு அமைச்சு எந்த நிர்வாகத்தைக் கலைத்தது என்று வாரக்கணக்கில் ஓடும். 2023-இல் உலக ரக்பி அமைப்பு இலங்கை ரக்பியின் உறுப்புரிமையையே இடைநிறுத்தியது, பிறகுதான் அந்த இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பேப்பரைப் புரட்டினால் விளையாட்டுப் பக்கமா, நீதிமன்றச் செய்தியா என்று சந்தேகம் வரும். புதிதாகப் படிக்கிற நீங்கள் அதைத் தாண்டிவிட்டுப் போனால் நஷ்டமில்லை.

தாண்டக்கூடாத ஒன்று உண்டு. ஹவ்லொக்குக்கும் தேசிய அணிக்கும் ஆடிய வசீம் தாஜூதீன் 2012 மே 17 அன்று கொழும்பு நாரஹேன்பிட்டியில் எரிந்த காரில் இறந்து கிடந்தார். விபத்து என்று சொல்லப்பட்டது, செய்தியும் அப்படித்தான் வந்தது. 2015-இல் விசாரணை மறுபடி தொடங்கி உடல் தோண்டியெடுக்கப்பட்டது. 2016-இல் கொழும்பு நீதவான் இது கொலை என்று தீர்ப்புச் சொன்னார். பின்பக்கத்தில் இருந்த ஒரு பெயர் முன்பக்கத்துக்கு வந்த கதை அது. ஆபீஸில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினால் காரணம் இதுதான். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம்.

தமிழ்ப் பேப்பருக்கு வருகிறேன். வீரகேசரியை 1930-இல் தொடங்கியவர் ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார், நம்ம சிவகங்கைப் பக்கம்தான். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் தினகரன் 1932-லிருந்து வருகிறது. இரண்டுக்கும் வாசகர்கள் கொழும்போடு நிற்பதில்லை, வடக்கு, கிழக்கு, மலையகம் என்று பரந்து கிடக்கிறார்கள். அங்கே உயிர் கிரிக்கெட்டிலும் புட்பாலிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சென்ட்ரலும் சென். ஜோன்ஸும் ஆடும் வடக்கின் பெருஞ்சமர் வந்தால் தமிழ்ப் பக்கம் நிரம்பி வழியும். லோங்டன் பிளேஸில் யார் ட்ரை வைத்தார் என்பது அந்த வாசகருக்கு எதற்கு? அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாக முஸ்லிம் பிள்ளைகள், கண்டியிலும் கொழும்பிலும் ரக்பியில் பெயர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூட ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த நாலு வரிதான் கிடைக்கிறது என்பது எனக்கு வருத்தம். த பப்பரே இணையதளத்தின் தமிழ்ப் பகுதியைப் பாருங்கள், பேப்பரைவிட அங்கே கொஞ்சம் பரவாயில்லை. ஆட்டங்களின் நேரலையும் அவர்களிடம் உண்டு.

பேப்பர் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரையே வாங்குங்கள். சண்டே டைம்ஸ், சண்டே ஒப்சேவர், சண்டே ஐலண்ட், எதுவானாலும் பரவாயில்லை. 2022-இல் காகிதத் தட்டுப்பாட்டில் ஐலண்ட் சனிக்கிழமைப் பதிப்பையே அச்சில் நிறுத்தவேண்டி வந்தது. பக்கங்கள் பழைய அளவுக்கு இல்லை, முன்பு பார்த்த நீண்ட ஆட்ட விவரணை இப்போது அபூர்வம். அதனால் ஒரு ஆட்டத்தையாவது நேரில் பார்த்துவிட்டுப் படியுங்கள். சமீப வருஷங்களில் பள்ளிப் பருவம் முதலில், கிளப் லீக் வருஷக் கடைசியை ஒட்டி. ஹவ்லொக் பார்க் உங்கள் ரூமிலிருந்து திரீவீலரில் பக்கம். மாலை நாலு மணி வாக்கில் தொடங்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காக ரக்பியை நிறுத்தமாட்டார்கள், சேற்றில் இன்னும் உற்சாகமாக ஆடுவார்கள்.

யாருக்குக் கை தட்டுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். தொண்ணூறுகளிலிருந்து கண்டி கோப்பைகளை அள்ளிக்கொண்டு போவதால், கண்டியை எதிர்த்து யார் ஆடினாலும் அவர்களுக்குத் தட்டினால் கொழும்பில் பக்கத்து இருக்கைக்காரர் உங்களுக்குக் கடலை நீட்டுவார். உங்கள் மேனேஜர் எந்த ஸ்கூல் என்பதை மட்டும் முன்னாடியே விசாரித்து வையுங்கள். டிரினிட்டி, கிங்ஸ்வுட் என்றால் அந்த வாரம் வாயைத் திறக்கவேண்டாம்.