எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் உள்ளவர் குடித்த கோப்பையில் குடித்தால் நமக்கும் வருமா?

எச்.ஐ.வி என்றால் வராது. ஹெபடைட்டிஸ் (ஈரலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றால், எந்த ஹெபடைட்டிஸ் என்று நான் உங்களைத் திருப்பிக் கேட்பேன். இதே கோப்பைப் பிரச்சினை எங்கள் குடும்பத்தில் ஒரு வருடம் ஓடியது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பா மகன் சவூதி போக ஏஜென்சியில் பணம் கட்டி, கொழும்பில் மெடிக்கல் எடுத்தான். ஃபெயில். ரிப்போர்ட்டில் ஹெபடைட்டிஸ் பி பொசிட்டிவ். அவன் ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்னமே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் செய்தி போய்விட்டது, அதுவும் "எயிட்ஸாம்" என்று. இரத்தத்தில் ஏதோ பொசிட்டிவ் என்றால் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அதற்கு ஒரே ஒரு பெயர்தான். சித்தி அவனுக்குத் தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைத்தார். கோப்பை மாறிவிடக் கூடாது என்று பிடியில் சிவப்பு நூல் வேறு. நான் போனால் அவன் அந்தக் கோப்பையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டுதான் சாயத்தண்ணி குடிப்பான்.

குழப்பம் வார்த்தையில் தொடங்குகிறது. செங்கமாரி, மஞ்சள் காமாலை என்று நாம் சொல்வது ஒரு நோய் இல்லை, ஈரல் கெட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அதைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் மட்டும் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. ஏ-யும் ஈ-யும் வாய் வழியாக வருகிறவை. நோயாளியின் மலம் எப்படியோ தண்ணீரில், சாப்பாட்டில், கழுவாத கையில் சேர்ந்து அடுத்தவர் வாய்க்குப் போகிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதத்தில் கண் மஞ்சளானது. மேல் லயத்துக் கக்கூஸ் உடைந்திருந்தது, அதற்குக் கீழே நாங்கள் குடிதண்ணி பிடிக்கிற பீலி. காய்ச்சாமல் குடித்தோம், வேறென்ன. அப்பாயி கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார், எல்லோருக்கும் குணமானது. ஏ வகை பெரும்பாலும் தானாகவே குணமாகும், ஈரலில் தங்காது. ஆனால் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விட்டது. பின்னால் ஹெபடைட்டிஸ் பி வந்தவனுக்கும் அதையே அரைத்துக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அங்கே முளைத்ததுதான். கோப்பையைப் பிரிக்க ஏதாவது நியாயம் இருந்தது என்றால் அந்த மாதத்தில் இருந்தது. அப்போது யாரும் பிரிக்கவில்லை.

பி, சி, எச்.ஐ.வி மூன்றும் வேறு பாதை. இரத்தம், பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு. எச்.ஐ.வி தாய்ப்பாலிலும் போகலாம். சி பெரும்பாலும் இரத்தம் மட்டும். சேர்ந்து சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், வியர்வை, ஒரே கழிப்பறை, இவற்றால் இந்த மூன்றும் பரவாது. நுளம்பு கடித்தும் வராது. நுளம்பு நமக்குள் செலுத்துவது அதன் உமிழ்நீரை, முன்பு குடித்த ஆளின் இரத்தத்தை இல்லை. எச்.ஐ.வி அதன் வயிற்றில் செரித்துப்போகும்.

இவற்றில் மக்கள் அதிகம் பயப்படுவது எச்.ஐ.விக்கு, இரத்தத்தால் சுலபமாகத் தொற்றுவதோ ஹெபடைட்டிஸ் பி. நோயாளிக்குக் குத்திய ஊசி தவறி ஒரு தாதிக்குக் குத்திவிட்டால், எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு 1000இல் 3. சி என்றால் 100இல் 2க்கும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு பி தொற்றும் வாய்ப்பு 100இல் 30 வரை போகலாம். காய்ந்த இரத்தத்திலும் பி வைரஸ் 7 நாளாவது உயிரோடு இருக்கும்.

அதனால் எனக்குக் கோப்பையை விட சலூன்தான் பயம். நான் வழக்கமாகப் போன இடத்தில் ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியை எனக்குப் போட்டு, மீதியைக் காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். அது பரவாயில்லை. ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில் தேய்க்கிற படிகாரக் கல் ஒன்றேதான், காலையிலிருந்து எல்லோர் கன்னத்திலும் அதுவே. ஒருநாள் அதன் ஓரத்தில் மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. அன்றோடு "அண்ணே, கல்லு வேணாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வீட்டிலும் பிரிக்க வேண்டியது ரேசர், பல் தூரிகை, நகவெட்டி. தட்டு இல்லை.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு டெஸ்ட் செய்தீர்களா?" பிறக்கும்போது பி தொற்றினால் 100இல் 90 பிள்ளைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும், வளர்ந்த பிறகு தொற்றினால் 100இல் 5 பேர் அளவில்தான் தங்கும். இலங்கையில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. தம்பி பிறந்தது 1996. தங்கச்சி 2005, அவளுக்கு ஒன்றும் இல்லை. சித்திக்குப் பொசிட்டிவ்.

சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை நான் போனபோது கோப்பையில் நூல் இல்லை, அவ்வளவுதான். இப்போது இருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே பஸ்ஸில் போய் ஈரலைச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள். மருந்து எல்லோருக்கும் உடனே தேவைப்படாது, தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது. சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் மூன்று மாத மாத்திரையில் 100இல் 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிறது. எச்.ஐ.வி குணமாகாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவாலும் துணைக்குப் போகாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி போவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றும் கொடுத்தது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது சலித்துக்கொள்ளாமல் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

கேட்டவருக்கு ஏதாவது உண்மையாகவே நடந்து அதனால்தான் கேட்கிறீர்கள் என்றால், ஊசி குத்தியதோ ஆணுறை கிழிந்ததோ, பதில்களை வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். அரசாங்க வைத்தியசாலையின் பாலியல் நோய் கிளினிக்கில் காசு வாங்க மாட்டார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் பயன் இல்லை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.