மாநாட்டுக்கு சைக்கிளில் போகலாமா?

கே: புகை கக்கும் கட்சி வேனில் ஏற மனமில்லை. மாநாட்டுத் திடல் 18 கி.மீ. தூரம். சைக்கிளில் போனால் எங்கே விடுவது? – ஒரு தொண்டர், மணப்பாறை

ப: தாராளமாகப் போகலாம். சாதாரண சைக்கிளிலேயே ஒன்றரை மணி நேரம்தான். விட்டுவைப்பதுதான் தலைவலி. வாகனம் நிறுத்த ஒதுக்கும் இடம் பெரும்பாலும் சீமைக்கருவேலத்தை அவசரமாக வெட்டிச் சமப்படுத்திய பொட்டல். மண்ணெல்லாம் முள். அதில் சைக்கிளை உருட்டவே வேண்டாம். ஒரு கி.மீ. முன்பே டோக்கன் தரும் ஸ்டாண்டிலோ தெரிந்த கடை வாசலிலோ விட்டுவிட்டு நடங்கள். இரவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று மறக்காமல் கேளுங்கள்.

பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது, அப்படியே தூக்கிப் போய்விடுவார்கள். சங்கிலியைப் பின்சக்கரம், ஃபிரேம் இரண்டிலும் கோத்து அசையாத எதிலாவது பூட்டுங்கள். சவுக்குத் தடுப்பு கூட்டம் நெருக்கினால் சாயும். டியூப்லைட், ஒலிபெருக்கி கட்டிய இரும்புக் கம்பத்தில் பூட்டவே கூடாது. தற்காலிக ஒயரிங்கில் டேப் பிரிந்திருந்தால், ஒரு தூறலுக்கே கம்பத்தில் மின்சாரம் பாயும். சைக்கிளிலும்தான்.

கே: கொடி கட்டலாமா? சைக்கிளைப் பார்த்து வேறு கட்சி என்று நினைத்துவிட்டால்?

ப: துணிக்கொடி கட்டுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பட்டியலில் கொடியும் உண்டு, தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. (கூட்டத்தில் பாக்கெட் வீசுவது நின்றபாடில்லை என்பது வேறு கதை. 2 லிட்டர் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.) ஹேண்டில்பாரில் கட்டினால் துணி முன்சக்கரக் கம்பியில் சுற்றி ஆளைக் குப்புறத் தள்ளும். கேரியரில் மூங்கில் குச்சி நட்டுக் கட்டுங்கள். இரும்புக் குழாய் வேண்டாம், மேலே மின்கம்பி. கொடி 1 அடிக்கு அரை அடி போதும். தேர்தல் நேரத்தில் இரு சக்கர வாகனத்துக்கு ஆணையம் விடுவதும் அந்த அளவுதான். 1996-ல் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) சைக்கிள் சின்னத்தில் நின்றதை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் யாராவது விசாரித்தால், கொடியைக் காட்டுங்கள்.

கே: இரவில் திரும்பும்போது?

ப: 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், பேச்சு முடிந்ததும் அத்தனை வேன்களும் ஒன்றாகச் சீறும். கால் மணி முன்னால் கிளம்புங்கள், இல்லையென்றால் முக்கால் மணி கழித்து. சைக்கிள் நின்றால் டைனமோ விளக்கு அணைந்துவிடும், அதனால் பின்னால் பேட்டரி சிவப்பு விளக்கு அவசியம்.

அந்த நேரத்தில் பங்சர் கடை இருக்காது. பம்ப், டயர் லீவர் இரண்டு, உப்புக்காகிதம், சொல்யூஷன், பேட்ச் வேண்டும். டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு ஐந்து நிமிடம் காயவிட்ட பிறகே பேட்ச். ஈரத்தில் ஒட்டினால் காற்றடித்ததும் பெயரும். ஒட்டிய கையோடு டயரின் உட்புறத்தைத் துணியால் வழித்துப் பாருங்கள். உடைந்த முள் நுனி அங்கேயே இருந்தால் அரை கி.மீ.யில் மறுபடி பங்சர்.