கோப்பின் உரிமையாளர் 'நோபடி' ஆனது ஏன்? என்எஃப்எஸ், டிஎன்எஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சொலாரிஸ் சர்வரில் உள்ள கோப்புகளை என்எஃப்எஸ் (ஒரு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியாக மற்றவற்றில் திறக்கும் முறை) பதிப்பு 4 வழியாக லினக்ஸ் கணினிகளில் திறக்கிறோம். உரிமையாளர் பெயர் எல்லாவற்றுக்கும் 'நோபடி' என்றே வருகிறது. பயனர் பெயரும் எண்ணும் இருபுறமும் ஒன்றுதான்.

பதில்: பதிப்பு 3 வரை உரிமையாளரின் எண் மட்டுமே நெட்வொர்க்கில் போய்வந்தது. பதிப்பு 4-இல் 'பயனர்@டொமைன்' என்று பெயராகப் போகிறது. உங்கள் சர்வர் தன் டொமைனை 'கிடங்கு.எக்ஸாம்பிள்.காம்' என்றும், லினக்ஸ் கணினி 'கணக்கு.எக்ஸாம்பிள்.காம்' என்றும் வைத்திருந்தால், வந்த பெயர் யாருடையது என்று லினக்ஸுக்குத் தெரியாது. அடையாளம் தெரியாதவர்களை எல்லாம் அது 65534 என்ற எண்ணில், அதாவது 'நோபடி' கணக்கில் தள்ளிவிடும். லினக்ஸில் 'என்எஃப்எஸ்ஐடிமேப் -டி' கட்டளையை இயக்கினால், அந்தக் கணினி எந்த டொமைனை நம்புகிறது என்று காட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: நாற்பது கணினிகள். ஒவ்வொன்றிலும் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதற்காகவே டிஎன்எஸ்-இல் (கணினிப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவையில்) ஒரு டெக்ஸ்ட் பதிவு இருக்கிறது. உங்கள் ஜோனில் (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள் அடங்கிய தொகுப்பில்) இந்த ஒரு வரியைச் சேருங்கள்:

_என்எஃப்எஸ்வி4ஐடிமேப்டொமைன் ஐஎன் டிஎக்ஸ்டி "எக்ஸாம்பிள்.காம்"

ஜோன் கோப்பில் இந்த வரியை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; பதிவின் பெயரை (_nfsv4idmapdomain) இடைவெளி விடாமல் எழுதுங்கள். முன்னால் உள்ள அடிக்கோடு கட்டாயம். துணை டொமைன்கள் தனித்தனி ஜோன்களாக இருந்தால் ஒவ்வொன்றிலும் இதே வரியை, இதே மதிப்புடன் வையுங்கள். ஜோனின் வரிசை எண்ணைக் கூட்டவும் மறக்காதீர்கள்.

முன்னுரிமை வரிசையை மனத்தில் வையுங்கள்: கணினியின் சொந்த அமைப்புக் கோப்பு முதலில், டெக்ஸ்ட் பதிவு அடுத்து, இரண்டும் இல்லாவிட்டால்தான் கணினியின் டிஎன்எஸ் டொமைன். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் பதிவைச் சேர்த்த பிறகும் மூன்று கணினிகள் மட்டும் முரண்டு பிடித்தன. அரை நாள் டிஎன்எஸ்-ஐயே குடைந்துகொண்டிருந்தோம். கடைசியில் அந்த மூன்றிலும் ஐடிமேப்டி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் யாரோ எப்போதோ எழுதிய 'டொமைன் = லோக்கல்டொமைன்' வரி இருந்தது. அதை நீக்கியதும் பெயர்கள் வந்துவிட்டன. எனவே பதிவைச் சேர்ப்பதோடு நிற்காமல், பழைய வரிகளைத் தேடி எடுங்கள். மிகப் பழைய லினக்ஸ் வெளியீடுகள் இந்தப் பதிவைக் கேட்பதே இல்லை. அவற்றில் மட்டும் கோப்பில் எழுதுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: பதிவைத் திருத்திவிட்டேன். இன்னும் 'நோபடி'தான்.

பதில்: பழைய விடையைக் கணினி நினைவில் வைத்திருக்கிறது. 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' அதைத் துடைத்துவிடும். டிஎன்எஸ் பதிவின் ஆயுட்காலம் முடியும்வரை கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும்.

கேள்வி: பெயர் சரியாகத் தெரிகிறது, ஆனால் எழுத அனுமதி மறுக்கப்படுகிறது.

பதில்: கெர்பரோஸ் (பயனர் யார் என்பதை நெட்வொர்க்கில் உறுதிசெய்யும் முறை) இல்லாத வழக்கமான அமைப்பில், கோரிக்கையை அனுப்புபவர் யார் என்பது இன்றும் எண்ணாகத்தான் சர்வருக்குப் போகிறது. டெக்ஸ்ட் பதிவு உரிமையாளர் பெயரைச் சரியாகக் காட்டும், உரிமையாளரை மாற்றவும் உதவும். அனுமதியை அது தீர்மானிப்பதில்லை. சர்வரில் 1004 என்றிருப்பவர் உங்கள் கணினியில் 1007 ஆக இருந்தால் கதவு திறக்காது. எண்களை எல்டாப் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் சேவை) போன்ற ஒரே பட்டியலிலிருந்து கொடுங்கள்.

கேள்வி: இரண்டு கிளைகளை இணைக்கிறோம். ஒரே டொமைன் போதுமா?

பதில்: ஒரு டொமைனுக்குள் ஒரு பெயர் ஒருவருக்கு மட்டுமே உரியது. இரு கிளைகளிலும் 'குமார்' என்ற கணக்கு இருந்து, ஆட்கள் வேறாக இருந்தால், ஒருவரின் கோப்பு மற்றவர் பெயரில் தெரியும். பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, மோதும் கணக்குகளை மாற்றிய பிறகே பதிவில் கை வையுங்கள்.