பெயர் தெரியாமலும் காட்டை எழுதலாம்

மதுரையிலேயே வளர்ந்ததால் மரம், பறவை பெயர் எதுவும் தெரியாது, ஜூலையில் வால்பாறை மழைக்காட்டு எழுத்து முகாமில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நண்பரே. மழைக்காட்டில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். இருவாச்சி பறந்து வந்தால், பறவை கண்ணில் படும் முன்னே இறக்கைச் சத்தம் கேட்டுவிடும். அது எதைப்போல இருந்தது என்று உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு ஞாயிறு காலையில் அழகர்கோவில் போய், நூபுர கங்கைப் பாதையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, கேட்டதை மட்டும் எழுதிப் பாருங்கள். (குரங்குகள் பையைப் பிடுங்கும், கவனம்.)

பேனாவைவிட பென்சில் நல்லது. ஈரத்தாளில் மை ஊறிவிடும். அட்டை கடித்தால் பயம் வேண்டாம். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால்தான் கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள்.