வீட்டுத் தமிழோடு பல்கலைக்கழகத்துக்குச் செல்பவர் எந்த வகுப்பில் சேரலாம்?

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மகள் வரும் பருவத்தில் இளங்கலைப் படிப்பில் சேர்கிறாள். வீட்டில் எங்களோடு தமிழில்தான் பேசுகிறாள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. பட்டம் பெற ஓர் அயல்மொழி கட்டாயம் என்பதால், தமிழின் முதலாண்டு வகுப்பில் சேர்ந்து சுலபமாக ‘ஏ’ கிரேடு வாங்கிவிடலாம் என்கிறாள். அதே பல்கலைக்கழகத்தில் சேரும் என் அண்ணன் மகன் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். அவனும் அதே வகுப்பில் சேர நினைக்கிறான். இது சரிப்படுமா?

பதில்: உங்கள் அண்ணன் மகனுக்கான விடை சிறியது; அதை முதலில் முடித்துவிடலாம். ஒரு மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை முடித்தவருக்கு அம்மொழியின் தொடக்க வகுப்பில் இடமோ கிரெடிட்டோ (பட்டத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும் பாட மதிப்பு) தருவது பொதுவாக வழக்கமில்லை. அதற்கு மாறாக, அயல்மொழி நிபந்தனையிலிருந்தே அவருக்கு விலக்குக் கிடைக்கலாம். பள்ளிச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்போடு கல்வி ஆலோசகரிடம் காட்டிக் கேட்க வேண்டும். எந்த வகுப்பு வரை படித்திருந்தால் விலக்கு உண்டு என்பது இடத்துக்கு இடம் மாறும். விலக்குப் பெறுவதும் கிரெடிட் பெறுவதும் ஒன்றல்ல என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்; விடுபட்ட கிரெடிட்டை வேறு பாடத்தால் நிரப்ப வேண்டியிருக்கும். தமிழையே தொடர விரும்பினால், பழந்தமிழ் வாசிப்பு, மொழிபெயர்ப்பு, மொழியியல் போன்ற பாடங்களே அவருக்கு ஏற்றவை.

உங்கள் மகளின் நிலை அவ்வளவு நேரானதன்று. மொழிக்கல்வியாளர்கள் அவரைப் போன்றவர்களை மரபுமொழி மாணவர் என்பார்கள். ஆங்கிலமல்லாத ஒரு மொழி பேசப்படும் வீட்டில் வளர்ந்து, அதைப் பேசவோ குறைந்தது புரிந்துகொள்ளவோ தெரிந்து, ஓரளவேனும் இருமொழியாளராக இருப்பவர் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் குவாதலூப் வால்டெஸ் தந்த வரையறைதான் அமெரிக்காவில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. இவர்களுக்கான பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைக் கவனிக்கவென்றே லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2006இல் தேசிய அளவிலான மையம் ஒன்று தொடங்கப்பட்டது. புதிதாகக் கற்பவருக்குக் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒன்றாக வளரும். உங்கள் மகளுக்கோ காது பல ஆண்டு முன்னே போய்விட்டது. கை இன்னும் கிளம்பவேயில்லை. ஆகவே முதலாண்டு, இரண்டாமாண்டு என்ற படிக்கட்டில் அவருக்கென்று அளவெடுத்த படி எதுவும் இல்லை.

முதலாண்டு வகுப்பில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுத்துகளைக் கற்கும் முதல் சில வாரங்கள் அவருக்கும் புதியவையே என்பதால் உற்சாகமாகப் போகும். அதன்பின் பெயர் கேட்பதும் வழி கேட்பதுமான உரையாடல்கள் வரும்போது சலிப்புத் தட்டி வகுப்புக்கு வருவது குறையும். அவர் கவனிக்காத அந்த வாரங்களில்தான் எழுத்துத் தமிழின் வினைமுற்றுகளும் வேற்றுமை உருபுகளும் நடத்தப்பட்டிருக்கும். சுலபமான ‘ஏ’ கிரேடை எண்ணி வந்தவர்கள் இறுதித் தேர்வில் தடுமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். பக்கத்து இருக்கையில், ஆய்வுக்காகத் தமிழ் கற்க வந்த ஒருவர் இரண்டாம் வேற்றுமை உருபைத் துல்லியமாகப் பயன்படுத்தத் தெரிந்தும், உங்கள் மகள் சரளமாகப் பேசுவதைக் கேட்டு வாய் திறக்கவே கூசுவார். ஆசிரியர்களுக்கு மதிப்பெண்ணைவிட இதுதான் அதிக மனக்குறை. பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி பற்றிய கேள்விக்குப் பொய்யான விடை தருவதோ கல்வி நேர்மையை மீறியதாகவே கொள்ளப்படலாம். பேச்சில் முதல் நாளே வெளிப்பட்டுவிடக்கூடிய ஒன்றை மறைப்பது வீண் முயற்சியும்கூட.

அவர் உண்மையில் கற்க வேண்டியது எது என்று பார்த்தால், எழுத்துகள் அதில் சிறு பகுதிதான். தமிழின் 247 எழுத்துகள் என்ற எண்ணிக்கை மிரட்டினாலும், 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் உயிர்மெய்க் குறியீடுகளும் பிடிபட்டுவிட்டால், ஏற்கெனவே சொற்களை அறிந்தவர் விரைவில் படிக்கத் தொடங்கிவிடுவார். பெரிய இடைவெளி பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ளது. ஒரே மொழிச் சமூகத்தில் அன்றாடப் பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கும் மேடைக்கும் மற்றொரு வடிவமும் வழங்கும் நிலையை மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959இல் விரிவாக விளக்கினார். அந்த இரட்டை வழக்குக்குத் தமிழைவிடப் பொருத்தமான சான்றுகள் குறைவு. வீட்டில் ‘அவங்க வந்துக்கிட்டு இருக்காங்க’ என்று கேட்டுப் பழகியவருக்கு ‘அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது ஊகித்துவிடக்கூடியதே. ஆனால் ‘மரமெல்லாம் விழுந்துருச்சு’ என்பது எழுத்தில் ‘மரங்கள் விழுந்துவிட்டன’ என்று எண் மாறி நிற்பதை யாராவது சொல்லித்தர வேண்டும். வீட்டுப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலித்திருந்தால், ‘பழம்’, ‘பள்ளம்’ என்ற சொற்களில் எது எங்கே வரும் என்பதற்குக் காது துணை நிற்காது. ரகர றகர வேறுபாடும் அப்படியே. இவற்றோடு, சாப்பாடு, உறவு, திட்டு, கொஞ்சல் ஆகியவற்றுக்குக் குறைவில்லாத சொல்வளம், ஒரு செய்திக் கட்டுரையைச் சுருக்கிச் சொல்லும்போது வறண்டுவிடும். குழந்தையாகவே பேசப் பழகியதால், முன்பின் அறியாத பெரியவரிடம் எப்படித் தொடங்குவது என்பதிலும் பல மாணவர்கள் திணறுகிறார்கள்.

ஈழத்துப் பேச்சுவழக்கு வழங்கும் வீடாக இருந்தால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். பாடநூல்களின் பேச்சுத்தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கைச் சார்ந்தது. ‘கதைக்கிறம்’, ‘வாறன்’ என்பவற்றை யாராவது பிழை என்று திருத்தினால் அவர் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. எழுத்து வழக்கு இரு தரப்புக்கும் பெரிதும் பொது.

இந்த ஏறுமாறான திறன்களை நிலையறியும் தேர்வு, அதாவது பிளேஸ்மென்ட் டெஸ்ட், சரியாக அளக்கிறதா என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. எழுத்துத் தேர்வு மட்டும் என்றால் அவரை அடிமட்டத்தில் தள்ளிவிடும். நேர்முக உரையாடல் மட்டும் என்றால் படிக்கவே முடியாத பாடங்கள் உள்ள மூன்றாமாண்டுக்கு ஏற்றிவிடும். இரண்டையும் வைக்குமாறு கேட்பது முறையானதே. ஸ்பானிய மொழிக்கு மாணவர் எண்ணிக்கை மிகுதி என்பதால் பல பல்கலைக்கழகங்கள் மரபுமொழியாளருக்கெனத் தனிப் பிரிவே நடத்துகின்றன. தமிழ் வகுப்புகள் சிறியவை; தனிப் பிரிவை எதிர்பார்ப்பதற்கில்லை. அதனால் என் பரிந்துரை இது: கோடை விடுமுறையிலேயே எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, இரண்டாமாண்டு வகுப்பில் சேர அனுமதி கேட்கட்டும், கூடவே, பேச்சுப் பயிற்சிகளுக்குப் பதிலாகக் கூடுதல் வாசிப்பும் எழுத்துப் பணியும் தர முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்கட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் இதை மறுக்கமாட்டார்கள். சில பல்கலைக்கழகங்களில் மேல்நிலை வகுப்பில் நல்ல கிரேடு பெற்றால், தாண்டிவந்த கீழ்நிலை வகுப்புகளுக்கும் பின்னோக்கிக் கிரெடிட் தருவார்கள். மரபுமொழியாளருக்கும் அது பொருந்துமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த சான்றோ, கலிபோர்னியா 2011இல் சட்டமாக்கிப் பிற மாநிலங்களும் பின்பற்றிய இருமொழி எழுத்தறிவு முத்திரையோ (இரு மொழிகளில் தேர்ச்சி காட்டிப் பள்ளிப் படிப்பை முடிப்பவருக்குத் தரப்படும் அங்கீகாரம்) கையில் இருந்தால் அதையும் காட்டலாம். எழுதத் தெரியாத நிலையில் முத்திரை அவருக்கு வாய்த்திருக்காது. இளையவர் யாரேனும் வீட்டில் இருந்தால் அவருக்காக இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது, வகுப்புப் பதிவு திறப்பதற்கு முன்பே தமிழ் ஆசிரியருக்கு உங்கள் மகளே ஒரு மின்னஞ்சல் எழுதுவது. வீட்டில் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார், தமிழ்ப் பள்ளிக்குப் போயிருக்கிறாரா, என்ன படிக்க முடிகிறது என்பவற்றை நேர்மையாகச் சொல்லி, இரண்டு நிமிடப் பேச்சுப் பதிவு ஒன்றையும், அதற்குள் எழுதக் கற்றிருந்தால் தன் கையாலேயே எழுதிய, திருத்தப்படாத ஒரு பத்தியையும் இணைக்கட்டும். அந்தப் பத்தியை நீங்கள் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். பிழைகளைப் பார்த்துத்தான் ஆசிரியர் இடத்தை முடிவுசெய்வார். சிறிய துறைகளில் ஒவ்வொரு நிலையும் பெரும்பாலும் இலையுதிர்ப் பருவத்தில் மட்டுமே தொடங்கும் என்பதால், இந்தக் கடிதம் பிந்தினால் ஓராண்டு காத்திருக்க நேரும்.